407-ல் எஞ்சின் மாற்றினோம், முதல் நாள் 2 நிமிடம் ஓடியது, அப்புறம் புகைகூட வரவில்லை

மாதவரம்407:

வணக்கம். வண்டி டாடா 407 சின்ன லாரி, அப்பா 1998-ல் எடுத்தது. கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனதும் இனிமேல் வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் பிழைப்பு என்று இரண்டு வருடம் காசு சேர்த்து, மீதியை வட்டிக்கு வாங்கி எடுத்த வண்டி. அதனால்தான் எடைக்குப் போட மனசு வரவில்லை. இன்றைக்கும் ராத்திரி காய்கறி லோடு இதில்தான் போகிறது, போய்க்கொண்டிருந்தது.

பழைய எஞ்சினில் பிளாக் வெடித்து ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஏற்கெனவே சிலிண்டர் துளையை (போர்) பெரிதாக்கியாயிற்று, இனி பண்ண இடமில்லை. புதுப்பேட்டையில் அதே 497 எஞ்சின் ஒன்று பிடித்தோம். கடையிலேயே கேனில் டீசல் வைத்து ஓட்டிக் காட்டினார்கள், சத்தம் சுத்தமாக இருந்தது. மாதவரத்தில் எங்களுக்கு இருபது வருடப் பழக்கமான பட்டறையில் இறக்கி ஏற்றினோம். எங்கள் பழைய எஞ்சினின் டீசல் பம்ப் போன வருடம்தான் சர்வீஸ் பண்ணியது என்பதால் அந்தப் பம்பையே இந்த எஞ்சினில் மாற்றி மாட்டினார் மெக்கானிக். செல்ஃப், டைனமோ எல்லாம் பழைய வண்டியினுடையவை.

முதல் நாள் பேட்டரி சார்ஜ் இறங்கியிருந்ததால் பக்கத்து லாரியிலிருந்து வயர் போட்டு அடித்தோம். நாலாவது அடியில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கொஞ்சம் தள்ளி, தெளிந்து, ஒரு 2 நிமிடம் அருமையாக ஓடியது. அப்பாவே எழுந்து வந்து பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். பிறகு ஆள் மூச்சுத் திணறுகிற மாதிரி இரண்டு தடவை தூக்கிப் போட்டு நின்றுவிட்டது. அதற்கப்புறம் இன்றோடு ஆறு நாள், பிடிக்கவே இல்லை. செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் சோம்பலாகச் சுற்றுகிறது. சைலன்சரில் புகை சுத்தமாக இல்லை. டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடித்து அடித்துக் கை வீங்கியதுதான் மிச்சம், அது இறுகவே மாட்டேன் என்கிறது, ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்க்ரூவில் நுரையும் காற்றுமாகத்தான் வருகிறது. டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் ஃபீட் பம்ப் புதிதாக மாற்றியாயிற்று, அப்படியும் அதே கதைதான். பேட்டரியை வெளியே கொடுத்து சார்ஜ் ஏற்றி மாட்டிவிட்டோம், மீட்டரில் 12.6 காட்டுகிறது, செல்ஃப் அடிக்கும்போதும் 11.5-க்குக் கீழே இறங்கவில்லை, அதனால் பேட்டரியில் குறையில்லை.

நாசில் வழியாக சிலிண்டருக்கு டீசல் தள்ளும் அந்த மெயின் பம்பே போய்விட்டது, கழற்றி அனுப்பலாம், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். எஞ்சினுக்கே கடன் வாங்கித்தான் கொடுத்தேன். பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கடியில்தான் இருக்கப்போகிறேன்.

செங்குன்றம்லோடு:

டோச்சன் கட்டி இழுத்துப் பாருங்கள் நண்பா. எங்கள் வண்டி மழையில் ஒரு வாரம் நின்றபோது அப்படித்தான் பிடித்தது. காற்று போகும் வழியில் பெட்ரோல் நனைத்த துணியும் காட்டுவார்கள், உடனே பிடிக்கும்.

பழையலேலண்ட்:

தம்பி, முதலில் ஒன்று, பெட்ரோல் துணி வேலை வேண்டவே வேண்டாம். டீசல் எஞ்சின் காற்றை நசுக்கியே சூடாக்கிப் பற்றவைப்பது. அதில் பெட்ரோல் ஆவியை விட்டால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிக்கும், பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். கடன் வாங்கிப் போட்ட எஞ்சின் என்கிறீர்கள்.

நான் எண்ணூர், மணலி பக்கம் லேலண்ட் வண்டிகளிலேயே முப்பது வருடம் வேலை பார்த்தவன். பம்பை ஒரு எஞ்சினிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது டைமிங், அதாவது டீசல் விழும் நேரம். பம்ப் எதிர்ப்பக்கமாக உட்கார்ந்திருக்கலாம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்றுதான் சுற்றும். ஃப்ளைவீல் மார்க்கைப் பார்த்து முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்து மாட்டுவார்கள், ஆனால் அந்த மார்க் இரண்டு தடவை வரும், ஒரு தடவை கம்ப்ரஷனில், ஒரு தடவை புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கில். இரண்டாவதில் வைத்து மாட்டிவிட்டால் டீசல் சரியாக நேரெதிர் நேரத்தில் விழும், பொழுது விடிகிற வரைக்கும் அடித்தாலும் பிடிக்காது.

பார்ப்பது சுலபம். எஞ்சின் மேல் மூடியை, அதான் டேப்பட் கவரைக் கழற்றுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, மார்க்கைச் சேருங்கள். இப்போது முதல் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் கம்ப்ரஷன். ஆட்டமில்லாமல் இறுகியிருந்தால், நாலாவது சிலிண்டர் ராக்கர்கள் ஆடினால், நீங்கள் இருப்பது தப்பான ஸ்ட்ரோக்கில், இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சரியான இடத்துக்கு வந்தபின் பம்ப் முதல் சிலிண்டருக்குத் தள்ளுகிறதா, நாலாவதுக்குத் தள்ளுகிறதா என்று பாருங்கள். நாலாவதுக்குத் தள்ளினால் நான் சொன்னதுதான். சிலிண்டர்கள் பற்றும் 1-3-4-2 வரிசையில் பம்ப் அரைச் சுற்று தள்ளினால் ஒன்று நாலாகும், மூன்று இரண்டாகும்.

இதைக் கேட்டுவிட்டு நாசில் பைப்பை மாற்றி மாட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த இரும்புப் பைப்புகள் எல்லாம் ஒரே நீளத்துக்கு அளந்து வளைத்தவை. இழுத்து வளைத்தால் கழுத்தில் கீறல் விழும். பம்பைத்தான் இறக்கிச் சரியாக மாட்ட வேண்டும்.

நாசில்பட்டறை:

அண்ணன் சொன்ன டைமிங் விஷயம் அத்தனையும் சரி, நானே அப்படி மாட்டி வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த வண்டிக்கு அது இல்லை. கேள்வியை மறுபடி படியுங்கள். முதல் நாள் 2 நிமிடம் ஓடியிருக்கிறது, புகையும் தெளிந்திருக்கிறது. பம்ப் எதிர்ப்பக்கம் இருந்தால் 2 நிமிடம் என்ன, 2 செகண்டுகூட ஓடாது. அந்த 2 நிமிடத்திலேயே டைமிங் சரி, கம்ப்ரஷன் சரி, நாசில் சரி, மெயின் பம்ப் சரி என்று எஞ்சினே சொல்லிவிட்டது. ஆறு நாளில் பம்ப் தானாகக் கெட்டுப்போகவும் இல்லை. தயவுசெய்து அந்தப் பம்பை யாரையும் கழற்ற விடாதீர்கள். பம்ப் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அப்படியிருந்தும் சொல்கிறேன், 18,000 ரூபாய் வீண்.

என் சந்தேகம் என்னவென்றால், மாட்டும்போது ஃபில்டர் கிண்ணங்களில் கையால் டீசல் ஊற்றி மாட்டினார்களா? ஊற்றியிருந்தால் வண்டி ஓடிய அந்த 2 நிமிடமும் அந்தக் கிண்ணத்து டீசலில் ஓடியதுதான். அது தீர்ந்ததும் டேங்கிலிருந்து எதுவும் வரவில்லை. நின்றுவிட்டது.

ஃபீட் பம்பை மாற்றியும் பிரைமர் இறுகவில்லை, காற்றுதான் வருகிறது என்றால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் பாருங்கள். எஞ்சின் இறக்கி ஏற்றிய வண்டி என்பதால் என் கண் முதலில் போவது இரண்டு ரப்பர் ஹோஸ் மேல். டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் பைப் ஒன்று, மிச்சம் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப் ஒன்று. இரண்டும் சேஸில் பக்கத்துப் பக்கத்தில் வரும், நிறமும் ஒன்று, அழுக்கும் ஒன்று. மாற்றி மாட்டினால் வெளியே பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் டேங்குக்கு உள்ளே வித்தியாசம் இருக்கிறது, இழுக்கும் பைப் கிட்டத்தட்ட அடி வரைக்கும் இறங்கியிருக்கும், ரிட்டர்ன் மேலேயே குட்டையாக நின்றுவிடும். ஃபீட் பம்ப் ரிட்டர்ன் பைப்பில் இழுத்தால் டேங்கில் இருக்கும் காற்றைத்தான் இழுக்கும். டேங்க் கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தால் வண்டி ஓடவும் செய்யும், அதுதான் இதில் பெரிய ஏமாற்று.

சோதிக்க 10 நிமிடம் போதும். ஃபீட் பம்புக்கு வரும் ஹோஸை அங்கே கழற்றி, அந்த முனையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து மெதுவாக அடியுங்கள். இன்னொருவர் டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்கட்டும். டீசலுக்குள் குடுகுடுவென்று குமிழ் சத்தம் கேட்டால் அது இழுக்கும் பைப், நான் சொன்னது தப்பு. வெறும் காற்று உஸ்ஸென்று வந்தால் ரிட்டர்ன். வாய் வைத்து ஊதாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, டேங்கையே விட்டுவிட்டு 5 லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸில் ஃபீட் பம்புக்கு நேராகக் கொடுத்துப் பாருங்கள், குமிழ் ஓடுகிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

ஏர் எடுக்கும் வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், பிறகு பம்பின் ஏர் ஸ்க்ரூ, கடைசியில் நாசில் பக்கம் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்து. நாசில் பக்கம் எடுக்கும்போது முகத்தையும் விரலையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் ஊசி மாதிரித் தோலுக்குள் இறங்கிவிடும், அப்படி ஒரு பையன் விரலையே இழந்ததை நேரில் பார்த்தவன் நான்.

மாதவரம்407:

அண்ணா, ஆமாம், புது ஃபில்டர் போட்டு இரண்டு கிண்ணத்திலும் டீசல் ஊற்றித்தான் மாட்டினார், நானே கேனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்! டேங்கில் இப்போது கால்வாசிகூட இல்லை.

இன்னும் ஒரு விஷயம், இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. செல்ஃப் தொடர்ந்து அடித்தால் கேபினுக்குள் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வருகிறது. எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் குமிழைத் தொட்டால் லேசாகச் சுடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டி என்று விட்டுவிட்டேன்.

பாடி_ஆட்டோஎலக்ட்ரிக்:

சம்பந்தம் உண்டு. இனி ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்காதீர்கள், வண்டி தீப்பிடிக்கும்.

உங்கள் எஞ்சினுக்கு எர்த் இல்லை. எஞ்சின் உட்காருவது ரப்பர் மவுண்ட்டில், அதனால் சேஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பின்னல் வயர் ஒன்று தனியாகப் போட்டிருப்பார்கள். பழைய எஞ்சினை இறக்கும்போது அதைக் கழற்றி அதோடேயே விட்டிருப்பார்கள், இல்லை பெயிண்ட் மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். எஞ்சின் மாற்றிய வண்டி கடைக்கு வந்தால் நான் வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்ப்பேன்.

செல்ஃப் மோட்டார் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். அது பேட்டரிக்குத் திரும்பிப் போயாக வேண்டும். நல்ல வழி இல்லையென்றால் கிடைத்த வழியில் போகும். எஞ்சினையும் கேபினையும் சேர்ப்பது என்னென்ன? ஸ்டாப் கேபிளின் உள்ளே இருக்கும் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள், அவ்வளவுதான். அத்தனை கரண்டும் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போனால் அது ஹீட்டர் கம்பி மாதிரிப் பழுக்கத்தான் செய்யும். நீங்கள் முகர்ந்தது அதன் உறை இளகும் வாடை.

நீங்களே எழுதிய இன்னொன்றும் இதைத்தான் சொல்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 11.5-க்குக் கீழே இறங்கவில்லை, அதனால் பேட்டரி நல்லது என்றீர்கள். பேட்டரி நல்லதுதான். ஆனால் டீசல் எஞ்சினைச் சுற்றும்போது நல்ல பேட்டரியே 10 பக்கம் இறங்கும், 9.6 வரைக்கும் நான் ஏற்றுக்கொள்வேன். செல்ஃப் சோம்பலாகச் சுற்றி, பேட்டரியும் இறங்காமல் நின்றால் தேவையான கரண்டு போகவில்லை, எங்கேயோ தடை இருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் மட்டும் நன்றாகச் சுற்றியதற்குக் காரணமும் பக்கத்து லாரியிலிருந்து போட்ட வயர்தான். அதன் நெகட்டிவ் கிளிப்பை எஞ்சின் மேலே எங்கேயாவது கடித்து வைத்திருப்பீர்கள். அன்றைக்கு அந்த கிளிப்தான் எர்த் வயர்.

சோதனை வேண்டுமென்றால், மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கட்டையில், இன்னொன்று எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வைத்து ஒரே ஒரு செகண்ட் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பிறகு கட்டை விரல் பருமனுக்குப் பின்னல் வயர் வாங்கி, சேஸிலும் கியர்பாக்ஸ் போல்ட்டிலும் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிகிற வரைக்கும் எடுத்துவிட்டு முடுக்குங்கள், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மவுண்ட் ரோட்டில் ஜி.பி. ரோடு பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பழையலேலண்ட்:

நாசில் தம்பி சொல்வது சரி. 2 நிமிடம் ஓடியதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஓடிய எஞ்சினுக்கு டைமிங் பார்க்க வேண்டியதில்லை. ஹோஸைப் பாருங்கள்.

மாதவரம்407:

ஞாயிறு ராத்திரி எழுதுகிறேன், இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் நிறையத் தெரிந்துவிட்டது.

முதலில் எர்த். மீட்டரில் 3.8 வோல்ட் காட்டியது! வண்டிக்கடியில் போய்ப் பார்த்தால் சேஸ் பக்கம் போல்ட் மட்டும் இருக்கிறது, வயர் இல்லை. பட்டறை மூலையில் கிடக்கும் பழைய எஞ்சினில் போய்ப் பார்த்தேன், அங்கே பெல் ஹவுசிங்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது, பச்சை பூத்து, பாதி இழை அறுந்து. புதிதாக வாங்கிப் போட்டதும் அதே மீட்டரில் 0.2. செல்ஃப் சுற்றுகிற சத்தமே வேறு, பையன் பயந்து பின்னால் நகர்ந்துவிட்டான்.

அப்புறம் ஹோஸ். நான் அடியில் படுத்துக்கொண்டு சைக்கிள் பம்ப் அடிக்க, பையன் டேங்க் வாயில் காதை வைத்துக் கேட்டான். "அப்பா, ஒண்ணும் கேக்கல, காத்துதான் முகத்துல அடிக்குது" என்றான். அடுத்த ஹோஸில் அடித்தேன். "கொதிக்குதுப்பா!" என்று கத்தினான். மாற்றித்தான் மாட்டியிருக்கிறது அண்ணா. சரியாக மாற்றி, பிரைமரை அடித்தேன், இருபது அடிக்குள் கல் மாதிரி இறுகிவிட்டது. இரண்டு ஃபில்டர், பம்ப் ஸ்க்ரூ எல்லாவற்றிலும் சுத்தமான டீசல், ஒரு குமிழ் இல்லை.

ஆனால் நாசில் பக்கம் நட்டைத் தளர்த்தி அடித்தால் நாலிலும் ஒரு சொட்டு வரவில்லை. புகையும் இல்லை. இப்போது என்ன பண்ணுவது? மெக்கானிக் அதே பம்ப் பேச்சைத்தான் மறுபடி எடுக்கிறார், எனக்கும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நாசில்பட்டறை:

பயப்படாதீர்கள். பம்ப் வரைக்கும் டீசல் வருகிறது, பம்ப் சுற்றுகிறது, நாலு பைப்பிலும் ஒன்றுமில்லை. ஒன்று வந்து மூன்று வராமல் இருந்தால் நானும் யோசிப்பேன். நாலும் ஒரே மாதிரி வரவில்லையென்றால் பம்ப் ஸ்டாப்பில் நிற்கிறது.

அந்த ஸ்டாப் கேபிள் சூடாகி உறை இளகியதே, அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் யாராவது ஸ்டாப்பை இழுத்தீர்களா? கேபினில் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்க்காதீர்கள், அது பொய் சொல்லும். பம்ப் மேலே இருக்கும் ஸ்டாப் லீவரைப் பாருங்கள். கேபிளை அந்த லீவரிலிருந்து கழற்றிவிட்டு, லீவரைக் கையால் ஓடும் பக்கத்துக்குத் தள்ளுங்கள், ஸ்பிரிங்கோடு துள்ளித் திரும்ப வேண்டும். பிறகு நட்டுகளில் ஏர் எடுத்து முடுக்கி, அடியுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், கேபிள் இல்லாமல் ஓடும் எஞ்சினை நிறுத்த அந்த லீவரைக் கையால்தான் பிடித்து இழுக்க வேண்டும், அதனால் ஒரு ஆள் பம்ப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

மாதவரம்407:

ஓடுகிறது!!

காலையில் 6 மணிக்கே போய்விட்டேன். லீவர் முக்கால்வாசி ஸ்டாப் பக்கம் இழுத்தபடி நிற்கிறது, குமிழ் மட்டும் கேபினில் சமர்த்தாக உள்ளே போயிருக்கிறது. கேபிளை உருவிப் பார்த்தால் உறை நடுவில் ஒரு ஜாண் நீளத்துக்கு மெழுகுவர்த்தி மாதிரி உருகி, கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது ஆனது என்றும் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாம் நாள் மெக்கானிக் டேப்பட் கவரைத் திறந்து, ஆயில் மேலே வருகிறதா பார்க்கலாம் என்று ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார், அரை நிமிடம் போல அடித்தேன். பார்த்தது நல்ல வேலைதான், எர்த் இல்லாததால் அதே அரை நிமிடத்தில் கேபிள் இழுத்த இடத்திலேயே உருகி ஒட்டிவிட்டது.

கேபிளைக் கழற்றி, லீவரைத் தள்ளி, நாலு நட்டிலும் டீசல் பீய்ச்சுவதைப் பார்த்து முடுக்கினேன். முதல் அடியிலேயே இரண்டு சிலிண்டர் இருமியது, இரண்டாவது அடியில் நாலும் சேர்ந்துகொண்டது. அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டேன். மெக்கானிக் டீ கிளாஸோடு வந்து நின்று கேட்டார், அப்புறம் ஹோஸ் இரண்டிலும் அவரே சிவப்பு டேப், பச்சை டேப் சுற்றினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த வாரம் மூன்று வண்டி ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டிருந்தார்.

நாசில் அண்ணா, பாடி அண்ணா, லேலண்ட் ஐயா, உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவுக்கு போனில் சத்தத்தைக் கேட்கவைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பழையலேலண்ட்:

மனசு நிறைந்தது தம்பி. உடனே லோடு ஏற்றாதீர்கள். காலி வண்டியாக செங்குன்றம் வரைக்கும் போய்வந்து, ஆறவிட்டு, தண்ணீர், ஆயில் மட்டம் பாருங்கள். எஞ்சின் மவுண்ட், பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இன்னொரு தடவை முடுக்குங்கள். ஸ்டாப் கேபிளும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் இரண்டையுமே புதிதாகப் போடுங்கள், ஒன்று உருகியிருந்தால் மற்றதும் சூடு பட்டிருக்கும்.

அம்பத்தூர்_எஃப்சி:

வண்டி ஓடியதில் சந்தோஷம், ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. எஞ்சின் நம்பர் மாறிவிட்டது, ஆர்.சி.யில் பழைய நம்பர்தான் இருக்கும். எஞ்சின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, அங்கே நம்பர் ஒத்துப்போகவில்லையென்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல்.

புதுப்பேட்டைக் கடையில் பில் வாங்கினீர்களா? பில்லில் எஞ்சின் நம்பர் எழுதியிருக்க வேண்டும். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்குங்கள், திருட்டு வண்டி எஞ்சினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். வண்டி மேல் ஃபைனான்ஸ் இருந்தால் அவர்கள் கடிதமும் வேண்டும்.

மாதவரம்407:

பில் இருக்கிறது, நம்பரும் எழுதியிருக்கிறது. ஆர்.சி. நகல் வாங்கவில்லை. நாளைக்குக் காலையில் புதுப்பேட்டை போய் அதை வாங்கிக்கொண்டு, அப்படியே ஜி.பி. ரோட்டில் இரண்டு கேபிளும் எடுத்து வருகிறேன். ஃபைனான்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை முடிகிற வரைக்கும் லோடு எடுக்கவில்லை, கோயம்பேட்டில் நம் கடைக்காரரிடம் பத்து நாள் கேட்டிருக்கிறேன், சரி என்றுவிட்டார்.